பின்தொடைத் தசைக் காயமும் மீள்பயிற்சியும்

கல்லூரியொன்றின் புகழைப் பேசப் புகுவோர் பரீட்சைப் பெறுபேறுகளை முதலில் எடுத்துரைப்பர். அது முறையே. ஆயினும் பழைய மாணவர் இருவர் பல்லாண்டு கழித்துச் சந்திக்கும்போது அவர்தம் உரையாடல் வகுப்பறையில் தொடங்கி விரைவில் விளையாட்டுத் திடலுக்கே சென்றுவிடுகின்றது. எந்த ஆண்டில் எந்த இல்லம் வென்றது, அஞ்சலோட்டத்தின் கடைசிச் சுற்றில் யார் யாரை முந்தினார் என்பனவெல்லாம் நேற்று நிகழ்ந்தனபோல் வெளிப்படும். அவ்வுரையாடலிலே, "நன்றாக ஓடிக்கொண்டிருந்தவன், தொடையில் பிடித்துக்கொண்டது, பிறகு ஓடவே இல்லை" என்று ஒருவரைப் பற்றிய பேச்சும் அநேகமாக இடம்பெறும். அந்த ஒருவரைப் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது.

தமிழ் கற்பிக்கும் ஒருவருக்குத் தசைநோயில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். பாடசாலைகளில் இல்லப் பொறுப்பு எப்பாட ஆசிரியர்க்கும் உரியது. அடிபட்ட மாணவன் முதலில் வைத்தியரிடம் போவதில்லை, பொறுப்பாசிரியரிடமே வருகின்றான். அவர் அவ்வேளை சொல்லும் ஒரு சொல் அவன் கால் குணமாவதற்கோ மறுபடி கிழிவதற்கோ காரணமாகின்றது. ஆகவே வைத்தியருக்குரியதை வைத்தியரிடமே விட்டு, ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியவற்றை மட்டும் ஈண்டுக் கூற முனைகின்றோம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே நோய் இன்னதென ஆராய்ந்து, பின் அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன்பின் தணிக்கும் வழியை ஆராய்க என்று ஒரு வரிசை வகுத்துள்ளார். யாமும் அவ்வரிசையிலேயே செல்வோம்.

சொல்லால் வரும் மயக்கம்

நம் ஊர்களில் ஓடும்போது தொடையின் பின்புறத்தில் திடீரென நோவெடுத்தால், "நரம்பு இழுத்துக்கொண்டது" என்பர்; சிலர் "சுளுக்கு" என்பர். நரம்பு என்னும் சொல் பழந்தமிழில் யாழின் தந்தியைக் குறித்தது. உடலில் கயிறுபோல் காணப்படும் எதனையும் மக்கள் அப்பெயராலேயே வழங்கினர். இரத்தம் செல்லும் நாளமும், உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பும், தசையை எலும்போடு பிணிக்கும் நாணும் பேச்சு வழக்கில் ஒரே சொல்லுள் அடங்கிவிட்டன.

இம்மயக்கத்தால் விளையும் கேடு சிறிதன்று. நரம்பு பிசகியது என்று எண்ணுபவர் அதனைப் பழைய இடத்திற்குக் கொண்டுவர முயல்வர். எண்ணெயிட்டு அழுத்தி உருவுவர். காலை நீட்டி இழுப்பர். வெந்நீர் ஒற்றடம் கொடுப்பர். உண்மையில் அங்கே பிசகியது ஒன்றுமில்லை. தசையின் இழைகள் அறுந்திருக்கின்றன. அறுந்த இடத்தில் இரத்தம் கசிந்திருக்கின்றது. கிழிந்த துணியை உதறினால் கிழிசல் பெருகுமேயன்றிக் குறையாது. முதல் நாட்களில் அழுத்தி உருவுதலும் வலிந்து இழுத்தலும் சூடு கொடுத்தலும் அத்தகையனவே.

ஆங்கிலேயர் இத்தசைக்கு 'ஹாம்ஸ்ட்ரிங்' என்று பெயரிட்டனர். 'ஹாம்' என்பது அவர்தம் பழைய மொழியில் முழங்காலின் பின்பள்ளத்தைக் குறிக்கும். 'ஸ்ட்ரிங்' என்பது நாண். முழங்காலை மடக்கி அதன் பின்புறத்தைத் தொட்டுப் பார்ப்போர்க்கு இரு பக்கமும் விறைத்து நிற்கும் நாண்கள் கைக்குத் தெரியும். பெயர்ப்பொருத்தம் அவ்விடத்தே விளங்கும். யாம் இதனைப் பின்தொடைத் தசை என்றே வழங்குவோம்.

உறுப்பின் அமைப்பு

பின்தொடைத் தசை என்பது ஒரு தசையன்று; மூன்று தசைகளின் கூட்டம். வெளிப்பக்கமாக அமைந்தது இருதலைத் தசை. உட்பக்கமாக அமைந்த இரண்டனுள் ஒன்று பாதி நாணாகவும் மற்றொன்று பாதி சவ்வாகவும் இருப்பதால் அவ்வகையிலேயே பெயர் பெற்றன. இருதலைத் தசையின் குறுந்தலை தவிர ஏனைய யாவும் இருப்பெலும்பிலே, அதாவது நாம் அமரும்போது ஆசனத்தில் அழுந்தும் எலும்பு முனையிலே தொடங்கி, முழங்காலைக் கடந்து கீழ்க்கால் எலும்புகளில் முடிகின்றன. ஆகவே இத்தசைக் கூட்டம் இடுப்பு, முழங்கால் என்னும் இரு மூட்டுகளுக்கும் ஊழியம் செய்கின்றது. இடுப்பைப் பின்னோக்கி நீட்டுவதும் முழங்காலை மடக்குவதும் இதன் தொழில்.

இரு தலைவர்க்குப் பணிசெய்யும் ஊழியன் நிலை யாவரும் அறிந்ததே. இடுப்பு முன்னோக்கி மடங்க, முழங்காலும் நீள, இரு முனைகளிலும் ஒரே வேளையில் இத்தசை இழுபடுகின்றது. விரைந்து ஓடுவோன் ஒருவன் காலை முன்னே வீசி, அடி நிலத்தில் படுவதற்குச் சற்று முந்திய கணத்தில் இந்நிலையே உண்டாகின்றது.

காயம் நேரும் வகை

கண்டிக்கு வருவோர் கடுகண்ணாவை ஏற்றத்தை அறிவர். பாரம் ஏற்றிய லொறி மேலே ஏறும்போது இயந்திரத்திற்கு வேலை. கீழே இறங்கும்போது தடைக்கு வேலை. ஏற்றத்தில் இயந்திரம் சோர்ந்தால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் தடை தோற்றால் விபத்து நேரும். தசைக்கும் இவ்விரு தொழில்களும் உண்டு. சுருங்கிக்கொண்டே இழுப்பது ஒன்று; நீண்டுகொண்டே இழுத்துப் பிடிப்பது மற்றொன்று. கிணற்றினுள் வாளியை இறக்கும் கை கயிற்றை விட்டுக்கொண்டே பிடித்திருப்பது போன்றது இவ்விரண்டாவது தொழில்.

ஓடுபவனுடைய முன்தொடைத் தசை கீழ்க்காலை முன்னே எறிகின்றது. எறியப்பட்ட காலை வேகம் தணித்து நிலத்திற்குக் கொணர்வது பின்தொடைத் தசையின் பொறுப்பு. அது நீண்டுகொண்டே தடையாக நிற்கின்றது. வேகம் கூடக்கூட அத்தடையின் மேல் விழும் பாரமும் பெருகுகின்றது. தாங்கும் வலிமையை அது கடக்கும் கணத்தில் இழைகள் அறுகின்றன. விரைவோட்டக்காரரிடத்து இருதலைத் தசையின் நெடுந்தலையே பெரும்பாலும் காயமுறுவது இதனாலாம்.

இரண்டாவது வகை ஒன்றும் உண்டு. உயர உதைத்தல், கால்களை அகல விரித்தல், நடனத்தில் காலை நெடிது நீட்டுதல் ஆகியவற்றால் வேகமின்றியே தசை மிகையாக நீட்டப்பட்டுக் கிழியும். இவ்வகையில் தொடக்க நோவு சிறிதாகவே இருக்கும். ஆனால் காயம் இருப்பெலும்பை அடுத்த நாணில் நேர்வதால் குணமடைய நெடுங்காலம் செல்லும். முதல்நாள் நோவின் அளவைக் கொண்டு காயத்தின் அளவை முடிவு செய்தல் தவறு என்பதற்கு இது தக்க சான்று.

உலகப் பெருவீரர்க்கும் இக்காயம் விலக்கன்று. 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் 400 மீற்றர் அரையிறுதியில் ஓடிய பிரித்தானியர் டெரெக் ரெட்மண்ட் பாதிவழியில் பின்தொடை கிழிந்து வீழ்ந்தார். பார்வையாளர் வரிசையிலிருந்து அவர் தந்தை இறங்கி வந்து தோள்கொடுக்க, நொண்டி நொண்டியே எல்லையை அடைந்தார். 2017ஆம் ஆண்டு இலண்டனில் உசெயின் போல்ட் தம் இறுதி அஞ்சலோட்டத்தை முடிக்க இயலாது ஓடுபாதையில் விழுந்ததற்கும் பின்தொடையே காரணம். ஐரோப்பிய உதைபந்தாட்டத்தின் உயர்நிலைக் கழகங்களில் நெடுங்காலமாக நடந்துவரும் ஆய்வொன்று, 2001ஆம் ஆண்டுப் பருவத்தில் காயங்களுள் நூற்றுக்கு 12 ஆக இருந்த பின்தொடைக் காயம் 2021ஆம் ஆண்டுப் பருவத்தில் 24 ஆயிற்று என்று காட்டுகின்றது. மருத்துவம் வளர்ந்த இக்காலத்திலும் இக்காயம் குறையவில்லை, பெருகியுள்ளது. ஆட்டத்தின் வேகம் பெருகியதும் ஓய்வு அருகியதும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன.

நம்மூரை ஒட்டிய ஒரு வரலாறு

கண்டி மாநகர் மெய்வல்லுநர்க்குப் பெயர்பெற்றது. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் பெற்று இலங்கையின் பெயரை உலகறியச் செய்த டங்கன் வைட் கண்டித் திரித்துவக் கல்லூரியின் மாணவர். நம் காலத்தில் கண்டியின் பெயர் தாங்கிய அணியொன்றின் தலைவர்க்கு நேர்ந்ததை யாவரும் அறிவர். எனினும் அதன் பாடத்தைச் சிந்தித்தோர் சிலரே.

2023ஆம் ஆண்டு லங்கா பிரீமியர் லீக் போட்டிகளில் கண்டி அணியை வழிநடத்தியவர் வனிந்து ஹசரங்க. அத்தொடரில் அதிக ஓட்டங்களைப் பெற்றவரும் அதிக விக்கெட்டுகளை வீழ்த்தியவரும் அவரே. தொடர் முடியுமுன் தொடையில் காயமுற்றார். ஆகஸ்ட் 20ஆந் திகதி நடந்த இறுதியாட்டத்தில் அஞ்சலோ மத்தியூஸ் தலைமைதாங்க, கண்டி அணி வென்றது. ஹசரங்கவோ வெற்றியின் பின் நெடுங்காலம் திடலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. ஆசியக் கிண்ணத்தை இழந்தார். மீள்பயிற்சியிலிருக்கும்போதே காயம் மீண்டும் தலைதூக்கியமையால் அவ்வாண்டின் உலகக் கிண்ணத்தையும் இழந்தார்.

2024ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் திரும்பி வந்தார். சிம்பாப்வேக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் 19 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். பின்தொடைக் காயம் ஒருவர் திறமையை அழித்துவிடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆயினும் வரலாறு அங்கே முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவுக்கு எதிரான முதல் ஒருநாள் ஆட்டத்திலும், நவம்பரில் தம்புள்ளையில் நியூசிலாந்துக்கு எதிரான ஆட்டத்திலும், 2025ஆம் ஆண்டு ஜூலையில் பல்லேகலையில் பங்களாதேசுக்கு எதிரான ஆட்டத்திலும் அவர் பின்தொடைக் காயமுற்று எஞ்சிய ஆட்டங்களை விட்டு விலக நேர்ந்தது.

இதனை எடுத்துரைப்பது எவரையும் குறைகூறும் நோக்கத்தாலன்று. ஒரு நாட்டின் சிறந்த மருத்துவர்களும் பயிற்றுநர்களும் அருகிருந்து கவனிக்கும் வீரருக்கே இக்காயம் திரும்பத் திரும்ப வருமாயின், எவ்விதக் கவனிப்பும் இன்றித் தைலம் பூசிய மூன்றாம் நாள் ஓடும் பாடசாலை மாணவனின் நிலை என்னாவது என்று எண்ணுதற்கே கூறினோம். முன்னர் ஒருமுறை காயமுற்றிருத்தலே மீண்டும் காயமுறுவதற்கு யாவற்றினும் வலிய காரணம் என்பது பல ஆய்வுகளின் ஒருமித்த முடிபு. முற்கூறிய ஐரோப்பிய ஆய்வில் மீளக் காயமுற்றவருள் மூன்றில் இரண்டு பங்கிற்கும் மேற்பட்டோர் ஆட்டத்திற்குத் திரும்பிய இரு மாதங்களுக்குள்ளேயே மறுபடி விழுந்தனர்.

காயத்தின் தரங்கள்

மருத்துவர் இக்காயத்தைப் பொதுவாக மூன்று தரங்களாக வகுப்பர். முதற்றரத்தில் சில இழைகளே சிதைந்திருக்கும். நடக்க இயலும், ஓட இயலாது. இரண்டாந் தரத்தில் இழைகள் பல அறுந்திருக்கும்; நடை நொண்டும்; வலிமை குன்றும்; சில நாட்களில் தோல் கருநீலமாகும். மூன்றாந் தரத்தில் தசையோ நாணோ முழுதும் அறுந்துவிடும். முதற்றரத்திற்கு ஒன்று முதல் மூன்று வாரமும், இரண்டாந் தரத்திற்கு நான்கு முதல் எட்டு வாரமும், மூன்றாந் தரத்திற்குப் பல மாதங்களும் செல்லுதல் பொது வழக்கு. இவை கைம்மரம்போல் வழிகாட்டுவனவே; எவர்க்கும் நாட்கணக்கை முன்கூட்டி உறுதிசெய்தல் இயலாது.

பாடசாலை ஆசிரியர் சிறப்பாக அறியவேண்டிய ஒன்றுண்டு. வளரும் பருவத்துப் பிள்ளைகளில் தசை பற்றியிருக்கும் எலும்பு முனை இன்னும் முற்றாக இறுகியிராது. வளர்ந்தோர்க்குத் தசை கிழியும் இடத்தில், பதின்மூன்று முதல் பதினேழு வயதினர்க்கு அவ்வெலும்பு முனையே பெயர்ந்துவிடக்கூடும். ஓடும்போது வெடித்தாற்போல் ஓசை உணரப்படுதல், பிட்டத்தின் அடியில் நோவு, இருக்கையில் அமர இயலாமை, நாலடியும் நடக்கமாட்டாமை, பரந்த கருநீலம் ஆகியவற்றுள் எது காணப்படினும் அதனைச் சுளுக்கு என்று தள்ளிவிடாது அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புக. கதிர்ப்படம் ஒன்று ஐயத்தைத் தீர்த்துவிடும். காலில் விறைப்போ மரத்துப்போதலோ இருப்பின் முதுகெலும்பைச் சார்ந்த வேறு நோயாகவும் இருக்கலாம். கண்டித் தேசிய வைத்தியசாலையும் பேராதனைப் போதனா வைத்தியசாலையும் அண்மையில் இருக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் தனிப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றது. அறிவுடையோர் அருகிருக்க, அறியாமையை நாடிச் செல்வானேன்?

மீள்பயிற்சியின் படிகள்

முதற்படி காத்தல். காயமுற்ற கணமே ஓட்டத்தை நிறுத்துக. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு மெல்லிய துணிக்கட்டு, காலை உயர்த்தி வைத்தல், நோவைத் தணிக்கத் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றுதல் ஆகியன போதும். அழுத்தி உருவுதலும் இழுத்து நீட்டுதலும் கூடா. முன்னாளில் முழு ஓய்வே மருந்தெனக் கருதப்பட்டது. இன்று அக்கருத்து மாறியுள்ளது. 2017ஆம் ஆண்டு டென்மார்க்கில் தசைக் காயமுற்ற விளையாட்டாளர் 50 பேரை இரு பகுதியாக்கி, ஒரு சாரார்க்கு இரண்டாம் நாளிலும் மறு சாரார்க்கு ஒன்பதாம் நாளிலும் பயிற்சி தொடங்கினர். முந்தித் தொடங்கியோர் 62.5 நாட்களிலும் பிந்தித் தொடங்கியோர் 83 நாட்களிலும் விளையாட்டிற்கு மீண்டனர். ஒரு வாரம் பிந்தியதால் மூன்று வாரம் இழந்தனர். ஆகவே காத்தல் வேறு, படுத்திருத்தல் வேறு.

இரண்டாம்படி அசைத்தல். நொண்டாது நடக்க முயலுதல், மல்லாந்து படுத்து முழங்காலை மெல்ல மடக்கி நீட்டுதல், இரு காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்தி இறக்குதல், பக்கவாட்டில் சிற்றடி வைத்தல் என்பன இப்படிக்கு உரியன. நோவு சிறிது தோன்றலாம், பெருகலாகாது, மறுநாட் காலையில் முன்னிலும் மோசமாதல் கூடாது. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொள்க.

மூன்றாம்படி வலிமையூட்டல். தசை கிழிந்தது நீண்டுகொண்டே தாங்கும் தொழிலில் என்று கண்டோம். ஆதலின் அதனை அத்தொழிலுக்கே பழக்க வேண்டும். சுவீடன் நாட்டு ஆய்வாளர் கார்ல் அஸ்க்லிங் இதனைச் சோதித்தார். தசையை நீட்டியவாறே வலிமையூட்டும் பயிற்சி செய்த உதைபந்தாட்ட வீரர் சராசரி 28 நாட்களிலும், வழக்கமான பயிற்சி செய்தோர் 51 நாட்களிலும் மீண்டனர் என 2013ஆம் ஆண்டில் வெளியிட்டார். விரைவோட்டக்காரரிடத்தும் பாய்ச்சல்காரரிடத்தும் இவ்வெண்கள் 49, 86 என அமைந்தன. ஒரு காலில் நின்று உடலை முன்னே தாழ்த்தி மற்றக் காலைப் பின்னே நீட்டுதல், மல்லாந்து படுத்துத் தொடையைக் கையால் பிடித்து முழங்காலை மெல்ல நீட்டுதல், ஒரு கம்பத்தைப் பற்றி நின்று ஒரு காலைப் பின்னோக்கி வழுக்கவிட்டு மீளுதல் ஆகிய மூன்றுமே அவர் வகுத்தவை. எந்திரமொன்றும் வேண்டியதில்லை.

உடலின் நடுப்பகுதியையும் மறத்தல் கூடாது. தொடை தொங்குவது இடுப்பிலிருந்து. இடுப்பு தளர்ந்தால் தொடையின் சுமை கூடும். 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், தனித்த நீட்டலும் பலப்படுத்தலும் செய்தோர் 10 பேரில் 7 பேர் ஓராண்டிற்குள் மீளக் காயமுற்றனர். இடுப்பையும் வயிற்றையும் நிலைநிறுத்தி, பல திசைகளிலும் அடிவைத்துப் பழகியோர் 13 பேரில் ஒருவரே மீளக் காயமுற்றார். ஆய்வு சிறிதாயினும் வேறுபாடு பெரிது.

நான்காம்படி ஓடுதல். மென்னோட்டத்தில் தொடங்கி, முழு வேகத்தின் பாதி, பின் பத்தில் ஆறு, ஏழு, எட்டு என்று நாள்விட்டு நாள் ஏற்றுக. ஒரு படியில் நோவு தோன்றினால் முன்படிக்கு இறங்குக. பத்தில் எட்டிலிருந்து பத்தை அடையும் இறுதிப் படியே கடினமானது. தசையின் மேல் பாரம் மிகுவது அங்கேதான். பொறுமை இழப்போர் பெரும்பாலும் தடுக்கி விழுவதும் அங்கேயே. மென்னோட்டம் ஓடியவனை நேரே அஞ்சலோட்டத்தில் நிறுத்துவது, நீச்சலின் முதற்பாடம் கற்றவனைப் பெருகிவரும் மகாவலியில் தள்ளுவதை ஒக்கும்.

திரும்பலாமா என்னும் வினா

"சேர், இப்ப நோவு இல்லை, ஓடட்டுமா?" என்று கேட்கும் மாணவனுக்கு என்ன விடை சொல்வது? நோவின்மை வேறு, குணமடைதல் வேறு. கிழிந்த இழைகளினிடையே புதுத்திசு படர்ந்து முதிர்வதற்கு முன்பே நோவு அடங்கிவிடுகின்றது. புண்ணின் மேல் தோல் மூடியதும் உள்ளே ஆறிவிட்டதென எண்ணுதல் போன்றது அவன் வாதம்.

ஆகவே ஐந்து வினாக்களை ஆசிரியர் கேட்க வேண்டும். காயமுற்ற இடத்தை விரலால் அழுத்தினால் நோகின்றதா? மல்லாந்து படுத்து நீட்டிய காலை உயர்த்தினால் இரு கால்களும் ஒரே அளவு உயர்கின்றனவா? குதிகாலைத் தரையில் ஊன்றி இழுக்கும்போது இரு கால்களின் வலிமையும் ஒத்திருக்கின்றதா? முழு வேகத்தில் பல முறை ஓடியும் நோவு வரவில்லையா? நீட்டிய காலை விரைந்து மேலே வீசும்போது உள்ளத்தில் அச்சம் எழுகின்றதா? இக்கடைசி வினா அஸ்க்லிங் அமைத்த சோதனையை ஒட்டியது. ஏனைய யாவும் தேறியபின்னரே அதனைச் செய்விக்க வேண்டும். உடல் அஞ்சுவதை நா மறைத்தாலும் கால் மறைப்பதில்லை. இவ்வைந்திற்கும் தக்க விடை கிடைத்தாலன்றி, இல்லக் கிண்ணமே கைவிட்டுப் போயினும் அம்மாணவனை ஓடவிடாதிருப்பதே பொறுப்பாசிரியரின் கடமை. கிண்ணம் அடுத்த ஆண்டும் வரும்.

மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கவனிப்போன் என்னும் நால்வகையாலும் மருத்துவம் அமையும் என்கின்றது. இங்கே மருந்து என்பது பயிற்சி, அருகிருப்போன் ஆசிரியன். நோயாளி உண்மை சொல்லத் தவறினாலும், அருகிருப்போன் பொறுமை இழந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப்போம்.

வருமுன் காத்தல்

மலைநாட்டுப் பிள்ளைகளுக்குச் சில தனி இடர்கள் உள. இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் வழமையாக ஆண்டின் முற்பகுதியில், தைமாதக் குளிரை அடுத்து நடைபெறுவன. காலைப் பனியில் பேருந்தால் இறங்கிவந்த மாணவன் புத்தகப் பையை வைத்துவிட்டு நேரே நூறு மீற்றர் ஓடுகின்றான். குளிர்ந்த தசை எளிதில் கிழியும். மேலும் மலைச்சரிவில் சமதளம் அரிது. பல பாடசாலைகளின் திடல்கள் சிறியன. முழு வேகத்தில் நேராக ஓடி நிறுத்தவும் இடம் போதாது. ஆகவே ஆண்டு முழுதும் முழு வேக ஓட்டமே அறியாத கால், போட்டிக்கு இரு வாரம் முன் திடீரென அவ்வேகத்திற்கு இழுக்கப்படுகின்றது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஏற்றமும் இறக்கமும் நடந்து வரும் பிள்ளைகளின் கால்கள் உறுதியானவை என்பது மெய்யே. எனினும் நடையின் உறுதி வேறு, விரைவோட்டத்தின் பாரம் வேறு.

இதற்கு மருந்து மூன்று. போட்டிக்கு இரண்டு மாதம் முன்னரே வாரந்தோறும் வேக ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் மென்னோட்டத்தாலும் கால்வீச்சாலும் உடலைச் சூடாக்குக. மூன்றாவதாக, நோர்வே நாட்டார் பரப்பிய ஒரு பயிற்சியைக் கைக்கொள்க. முழந்தாளிட்டு நிமிர்ந்திருப்பவனின் கணுக்கால்களைத் தோழன் பின்னிருந்து தரையோடு அழுத்திப் பிடிக்க, அவன் இடுப்பை மடக்காது உடலை மெல்ல முன்னோக்கிச் சாய்ப்பான். இயன்றவரை தாங்கி, பின் கைகளை ஊன்றி விழுவான். இவ்வளவே. முதல் வாரம் ஒரு நாள், ஐந்து ஐந்தாக இரு முறை. இரண்டாம் வாரம் இரு நாள், ஆறு ஆறாக இரு முறை. அதன்பின் வாரம் மூன்று நாளாக ஏற்றிப் பத்து வாரம் செய்க. தொடக்க நாட்களில் தசை நோகும். எண்ணிக்கையை விரைந்து கூட்டலாகாது.

இதன் பயனை டென்மார்க்கில் 50 உதைபந்தாட்ட அணிகளைச் சேர்ந்த 942 வீரரிடத்துச் சோதித்தனர். 2011ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. பயிற்சி செய்த பகுதியில் 15 காயங்களும் செய்யாத பகுதியில் 52 காயங்களும் நேர்ந்தன. முன்பு காயமுற்றோர்க்கு மீள நேர்ந்தவற்றை மட்டும் எடுத்தால் 3, 20 என்பன எண்கள். ஒரு பாயும் ஒரு தோழனும் இருந்தால் போதுமான பயிற்சிக்கு இத்துணைப் பயன் உண்டெனின், அதனைச் செய்யாதிருப்பதற்குக் காரணம் கூறல் அரிது.

பழைய மாணவர்க்கு ஒரு சொல்

யூபிலி ஆண்டில் பழைய மாணவர் கல்லூரிக்குப் பல நல்லன செய்ய விழைகின்றனர். கட்டடமும் கிண்ணங்களும் வேண்டியவையே. அவற்றோடு, ஆண்டுக்கு ஒருமுறை இயன்மருத்துவர் ஒருவரை அழைத்து இல்லத் தலைவர்க்கும் பொறுப்பாசிரியர்க்கும் அரைநாட் பயிற்சி அளிப்பித்தால், செலவு சிறிதாயினும் பயன் பெரிதாகும். நம்முன் வைத்தியத் தொழில் புரிவோர் பலருளர். அவர் ஒருநாளை ஈதல் அரிதன்று. மற்றொன்று: போட்டி நாளில் திடலின் ஓரத்தில் நின்று, கட்டுப்போட்ட காலோடு நிற்கும் மாணவனைப் பார்த்து, "எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் நிற்கமாட்டோம்" என்று சொல்லாதிருத்தல். அச்சொல் அவனை ஓடத் தூண்டும். அவ்வோட்டம் அவனை ஓர் ஆண்டு அமர்த்திவிடும்.

மாணவர்க்குச் சொல்வது இது. காயத்தை மறைத்தல் வீரமன்று. நோவு தோன்றிய கணத்தில் நிற்பவன் மூன்று வாரத்தில் ஓடக்கூடும். அதனை மறைத்து ஓடுபவன் மூன்று மாதம் திடலோரத்தில் அமர்ந்திருக்க நேரும். படிப்படியாக ஏறுக, ஒரு படியையும் தாண்டற்க. பயிற்சியை நோவு நின்ற நாளில் நிறுத்தாது, ஓடத் தொடங்கிய பின்னும் வாரம் இருமுறையேனும் தொடர்க. மீண்டும் ஓடும் நாளில் உம்முடைய கால் உம்மை ஏமாற்றாதிருக்கும்.